படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்கிறார்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயது. எட்டு மாதமாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதலில் மூன்றாவது மாடிக்குப் போகும்போதுதான் தெரிந்தது. இப்போது ஒரு மாடி ஏறினாலே நின்று மூச்சு விட்டுக்கொண்டுதான் மேலே போக முடிகிறது. கூட வருபவர்களோடு பேசிக்கொண்டே நடக்க முடியவில்லை, பின்தங்கிவிடுகிறேன். சில நாள் விடியற்காலையில் வறட்டு இருமல் வந்து எழுப்பிவிடுகிறது. எக்ஸ்ரே, ஈசிஜி எடுத்தார்கள், இரண்டும் நார்மல். விரலில் மாட்டும் கருவி 98 காட்டியது. ஒரு டாக்டர் இரண்டு வாரத்துக்கு இன்ஹேலர் கொடுத்தார். கொஞ்சம் பரவாயில்லை போல இருந்தது, ஆனால் சரியாகவில்லை. இன்னொருவர், "உங்களுக்கு ஒன்றும் இல்லை, பதற்றம்தான்" என்று அனுப்பிவிட்டார். பிரஷருக்கு மூன்று வருடமாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த எட்டு மாதத்தில் 5 கிலோ கூடியிருக்கிறேன். புகைப்பழக்கம் கிடையாது. ஒரு வருடமாக மாதவிலக்கு அதிகமாகப் போகிறது, இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லையா? நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை, நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. எட்டு மாதத்துக்கு முன் மூன்று மாடி ஏறியவர் இன்று முதல் மாடியிலேயே நிற்கிறார் என்றால் உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது. அது என்னவென்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மாதவிலக்கு பற்றி ஒரு வரி, என் கண் அங்கேதான் நின்றது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். திடீரென்று மூச்சுத் திணறல் வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, கூடவே நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலம் பாய்வது, இருமலில் இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்று எதுவும் சேர்ந்துகொண்டாலோ, கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. ஆகவே நிதானமாக யோசிக்க நமக்கு நேரம் இருக்கிறது. அதற்காக இன்னொரு எட்டு மாதம் தள்ளிப்போடவும் கூடாது.

இதுவரை எடுத்த பரிசோதனைகளைப் பார்ப்போம். ஈசிஜி பதிவு செய்வது உங்கள் இதயத்தின் சுமார் பத்து விநாடிகளை, அதுவும் நீங்கள் படுத்திருக்கும்போது. எக்ஸ்ரே எடுத்தபோது நீங்கள் அசையாமல் நின்றிருப்பீர்கள். விரலில் கருவியை மாட்டியபோது நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்கு மூச்சு வாங்குவதோ படி ஏறும்போது. நடந்தால் வரும் தொல்லையை ஓய்வில் இருக்கும்போது தேடியிருக்கிறார்கள். அந்த மூன்றும் வீண் என்று சொல்லவில்லை. பெரிய நிமோனியா இல்லை, நுரையீரலைச் சுற்றி நிறைய நீர் கோத்திருக்கவில்லை, ஓய்வில் ஆக்சிஜன் குறையவில்லை என்பதெல்லாம் அவற்றால் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆஸ்துமா இருந்தாலும் எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். நுரையீரல் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருந்தாலும், நுரையீரல் தழும்பு நோய் ஆரம்ப நிலையில் இருந்தாலும் நார்மலாக இருக்கலாம். இரத்தசோகையை எக்ஸ்ரேயில் பார்க்கவே முடியாது.

அந்த 98 என்ற எண்ணைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் அதை வைத்துத்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதைப் பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பேருந்துகளில் நூற்றுக்கு எத்தனை இருக்கை நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சொல்கிறது. மொத்தம் எத்தனை பேருந்து ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஹீமோகுளோபின் 14 கிராம் இருப்பவருக்கும் 98 காட்டும், 7 கிராம் இருப்பவருக்கும் அதே 98 காட்டும். இரண்டாமவரின் இரத்தத்தில் போய்ச் சேரும் ஆக்சிஜன் ஏறக்குறைய பாதிதான். உட்கார்ந்திருக்கும்வரை இதயம் கொஞ்சம் வேகமாக அடித்துச் சமாளித்துவிடும். படி ஏறும்போது தசைகள் கூடுதலாகக் கேட்கும், அப்போது கொடுக்க முடியாது. மூச்சு வாங்கும், படபடவென்று அடிக்கும், கால் கனக்கும்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஒரு வருடமாக மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்கிறீர்கள். மூச்சிரைப்பு எட்டு மாதமாக இருக்கிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். மாதாமாதம் இழக்கும் இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. சேமிப்பில் இருப்பது தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது. சேமிப்பு தீர்ந்தபிறகு ஹீமோகுளோபின் மெல்ல இறங்கும். மெல்ல இறங்குவதால் உடம்பும் பழகிக்கொள்ளும், திடீரென்று ஒரு நாள் படுத்துவிட மாட்டீர்கள். ஒரு மாடி, அரை மாடி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி குறையும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். உங்களுக்கு இரத்தசோகைதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட முடியாது. ஆனால் எட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் பார்த்ததாக நீங்கள் எழுதவே இல்லை. யாரும் பார்க்கவில்லை என்றால் நாளைக்கே பார்க்க வேண்டியது அதுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் இதே தொல்லையோடு என்னிடம் வந்தார். நான் நுரையீரல் மருத்துவர், நுரையீரலிலேயே தேடினேன். ஊதும் பரிசோதனை, சி.டி. ஸ்கேன் எல்லாம் முடிந்தன. ஐந்தாவது வாரம் அவர் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. ஹீமோகுளோபின் 7. குடல் புண்ணிலிருந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய எளிய இரத்தப் பரிசோதனையை நான் ஐந்து வாரம் தள்ளிப்போட்டுவிட்டேன். அவர் குணமாகிவிட்டார், ஆனால் அந்த ஐந்து வாரம் அவர் பட்ட சிரமம் என்னால் வந்தது. அன்றிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று யார் வந்தாலும் முதல் சந்திப்பிலேயே இமையைப் பார்க்கிறேன், இரத்த இழப்பு உண்டா என்று வாய்விட்டுக் கேட்கிறேன். கேட்டால்தான் சொல்வார்கள். மூச்சுக்காக வந்த இடத்தில் மாதவிலக்கைப் பற்றியோ மலத்தின் நிறத்தைப் பற்றியோ பேசலாம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அதை இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆண்களுக்கு 13. அதோடு ஃபெரிட்டின் என்ற பரிசோதனையையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் இரும்புச்சத்தின் சேமிப்பு எவ்வளவு என்று அது சொல்லும். தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனையும் சேரட்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை கூடும், மாதவிலக்கு அதிகமாகும், மூச்சும் வாங்கும். உங்கள் கடிதத்தில் இந்த மூன்றுமே இருக்கின்றன. தயவுசெய்து பரிசோதனைக்கு முன்பே இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிடாதீர்கள். எண்கள் குழம்பிவிடும்.

அப்புறம், "இந்த வயதில் அப்படித்தான்" என்ற முடிவை மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறது என்றால் அது மிகுதிதான். 45 வயதுக்கு மேல் உதிரப்போக்கு மாறினால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதோடு, தேவைப்பட்டால் கருப்பையின் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்தும் சோதிப்பார்கள். பெரும்பாலும் நார்க்கட்டி, ஹார்மோன் ஏற்ற இறக்கம் போன்றவையாகத்தான் இருக்கும். ஆனாலும் பார்த்துவிட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் இரும்புச்சத்தை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் தீராது.

சரி, இரத்தசோகை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதோடு கதை முடிந்துவிடுமா? உங்கள் விஷயத்தில் முடியாது. விடியற்காலை இருமலுக்கு இரத்தசோகை காரணம் ஆகாது. நாள்பட்ட மூச்சிரைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சேர்ந்தே இருப்பது மிகச் சாதாரணம். ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவதால்தான் பலர் "சிகிச்சை எடுத்தும் பாதிதான் சரியானது" என்று திரும்பி வருகிறார்கள்.

அந்த இருமல் இரண்டு பக்கம் கை காட்டுகிறது. ஒன்று உங்கள் பிரஷர் மாத்திரை. பெயரை எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று "ப்ரில்" என்று முடியும் பெயராக இருந்தால், அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகும் தொடங்கலாம். நிறுத்தியபின் அடங்கச் சில வாரங்கள் ஆகும். அட்டினலால், மெட்டோப்ரலால், ப்ரொப்ரனலால் என்று "லால்" என்று முடிந்தால் அது பீட்டா பிளாக்கர் வகை. ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த வகை மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும். எதுவாக இருந்தாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம், குறிப்பாக "லால்" வகையைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. மாற்று மாத்திரைகள் நிறைய இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று ஆஸ்துமா. இரவின் கடைசிப் பகுதியில் இருமல் எழுப்புவது அதன் பழைய அடையாளம். ஆஸ்துமா என்றால் சிறுவயதிலிருந்தே இருக்க வேண்டும், விசில் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் புதிதாகவும் வரும், வெறும் இருமலாகவும் வரும். உங்களுக்கு இன்ஹேலர் கொடுத்தவர் இதைத்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். அவர் யோசித்தது தவறில்லை. ஆனால் ஊதும் பரிசோதனை செய்துவிட்டுக் கொடுத்திருந்தால் இன்று நமக்கு விடை கையில் இருந்திருக்கும். மருந்து கொடுத்துப் பார்த்து "கொஞ்சம் பரவாயில்லை" என்ற பதிலை வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அது எந்த வகை இன்ஹேலர், உறிஞ்சும் முறையை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்களா என்பதும் தெரிய வேண்டும். மூச்சோடு சேர்த்து இழுக்காவிட்டால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும்.

ஊதும் பரிசோதனையை ஸ்பைரோமெட்ரி என்பார்கள். 1846-ல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் இதற்கான கருவியை அறிமுகப்படுத்தினார். இன்று வரை மூச்சு நோய்களில் இதைவிட அடிப்படையான பரிசோதனை கிடையாது. இருந்தும் மூச்சிரைப்புக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களில் பலர் ஒருமுறைகூட இதை ஊதாமல் என்னிடம் வருகிறார்கள், அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வீச்சில் வேகமாக, கடைசிச் சொட்டு வரை ஊத வேண்டும். முதல் விநாடியில் எவ்வளவு வெளியே வந்தது, மொத்தம் எவ்வளவு என்று கருவி அளக்கும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சச் சொல்லி, சுமார் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடி அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா என்ற சந்தேகம் வலுக்கும். போவதற்கு முன் இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். நீங்கள் நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் நார்மலாகவே வரலாம். அப்படி வந்தால் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு குழாயை வாங்கி, காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதி எண்களை எழுதி வைக்கச் சொல்வேன். காலைக்கும் மாலைக்கும் எண் குதித்துக்கொண்டே இருந்தால் அதுவே ஒரு சான்று.

இதயத்தையும் விட்டுவிட முடியாது. மூன்று வருடமாகப் பிரஷர் இருக்கிறது, எடை கூடியிருக்கிறது. இதயத் தசை நன்றாகச் சுருங்கினாலும், விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும்போது விறைப்பாக இருந்தால் நடக்கும்போது மூச்சு வாங்கும். எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்ப் நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு வரி வந்துவிட்டால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், விறைப்பைப் பற்றியும் படித்துச் சொல்லக் கேளுங்கள். என்.டி. ப்ரோ பி.என்.பி. என்ற இரத்தப் பரிசோதனை 125-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பருமனானவர்களுக்கு மட்டும் அந்த எண் கொஞ்சம் குறைத்துக் காட்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இரண்டு தலையணை தேவைப்படுகிறதா, குனிந்து செருப்பு மாட்டும்போது திணறுகிறதா, மாலையில் கணுக்கால் வீங்குகிறதா? இந்த நான்கையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கு இதய இரத்தக்குழாய் அடைப்புகூட வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாக வருவது உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் ஓய்வில் எடுத்த ஈசிஜி போதாது, நடக்கவைத்துப் பார்க்க வேண்டும்.

நடக்கவைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் மருத்துவரிடம் நான் கேட்கச் சொல்லும் மிக எளிய பரிசோதனை இதுதான். விரலில் அதே கருவியை மாட்டிக்கொண்டு ஆறு நிமிடம் நடப்பது. நகப்பூச்சு இல்லாமல், கை சூடாக இருக்க வேண்டும். 98-ல் தொடங்கி 97-ல் முடிந்தால் நிம்மதி. நான்கு புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, 90-க்குக் கீழே போனாலோ நுரையீரலின் சதைப்பகுதியையும் இரத்தக்குழாய்களையும் தீவிரமாகத் தேட வேண்டும். சி.டி. ஸ்கேனுக்கு அப்போதுதான் வேலை. எடுத்த எடுப்பிலேயே சி.டி. கேட்காதீர்கள். எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு, அதுவும் உங்கள் கதைக்கு முதல் விடை அதில் இருக்காது. ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தத் தொல்லை தொடங்குவதற்கு முன் நீண்ட நாள் படுக்கையில் இருந்தீர்களா, அறுவை சிகிச்சை ஏதாவது நடந்ததா, கெண்டைக்கால் வீங்கி வலித்ததா? உதிரப்போக்குக்காக ஹார்மோன் மாத்திரை எடுத்தீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கரையாமல் தங்கிவிட்ட இரத்தக்கட்டி மாதக்கணக்கில் மூச்சிரைப்பைத் தரும், அதைத் தேடும் ஸ்கேனே வேறு.

பதற்றம் என்று சொன்ன மருத்துவரைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த வார்த்தை உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. பதற்றத்தால் வரும் மூச்சுத் தொல்லை நிஜமான தொல்லைதான், நடிப்பு கிடையாது. ஆனால் அதன் போக்கு வேறு மாதிரி இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும், மூச்சு நிறையவில்லை என்று பெருமூச்சாக விடத் தோன்றும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும். அதே ஆள் வேறு நினைவில் இருக்கும்போது இரண்டு மாடி ஏறிவிடுவார். உங்களுக்கோ ஒவ்வொரு முறையும் அதே படியில், அதே அளவில் வருகிறது, மாதத்துக்கு மாதம் கூடுகிறது. இதைப் பதற்றம் என்று முதலிலேயே முடிவு கட்ட எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் மூச்சு வாங்கினால் யாருக்கும் பயம் வரும், பயம் வந்தால் மூச்சு இன்னும் வேகமாகும். அந்தப் பங்கும் உங்களிடம் கொஞ்சம் இருக்கலாம், அதற்கும் மூச்சுப் பயிற்சி உண்டு. மற்றதைத் தேடி முடித்தபின் அதைப் பேசலாம்.

கூடிய 5 கிலோவை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம். மூச்சு வாங்குவதால் நடையைக் குறைத்திருப்பீர்கள், குறைத்ததால் தசை தளர்ந்து எடை ஏறியிருக்கும், அதனால் இன்னும் மூச்சு வாங்கும். காரணம் தெரிந்து சிகிச்சை தொடங்கியதும் இந்தச் சுழலைத் திருப்பலாம். அதுவரை சமதளத்தில், பேச முடிகிற வேகத்தில் தினமும் நடங்கள். முற்றிலும் நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். என்ன செய்யும்போது வந்தது, நின்றபின் அடங்க எத்தனை நிமிடம் ஆனது, கூடவே இருமலா படபடப்பா, எந்த இரவு இருமல் எழுப்பியது, இவ்வளவு போதும். வேலை செய்யும் இடத்தில் தூசி, மாவு, ரசாயன வாடை உண்டா, விடுமுறை நாளில் குறைகிறதா, வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் நினைவிலிருந்து சொன்னால் பாதி விட்டுப்போகும். "மூச்சு வாங்குகிறது" என்பதைவிட "மார்ச்சில் மூன்று மாடி, இப்போது ஒன்று" என்று சொன்னால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார்.

இரத்தப் பரிசோதனையும் ஊதும் பரிசோதனையும் இந்த வாரமே ஆகட்டும். முடிந்ததும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் எண்களையும் உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்து இரும்புச்சத்து தொடங்கினால், மூன்று நான்கு வாரத்தில் அது 1 முதல் 2 கிராம் ஏறியிருக்க வேண்டும். அப்போது அதே படியை ஒருமுறை ஏறிப் பார்த்து, எந்த மாடியில் நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்து எங்கே தேடுவது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.